பின்கழி

கல்லும் கடிக்கும் என்பது மார்கழி மாதத்தில் கல்குழியில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும். கூட்டேரிப்பட்டுக்கு மேற்கே இருந்த அந்தக் குழியில் கிழக்கு வெளுக்கும் முன்பே கடப்பாரைச் சத்தம் கிளம்பிவிடும். இரவெல்லாம் பனியில் ஊறிய பாறை, தொட்ட விரலை மரத்துப்போக வைக்கும். மூன்று பேர் கடப்பாரையைக் கல்லுக்கு அடியில் செலுத்தி, சின்னக் கல் ஒன்றை அண்டை கொடுத்து, மறுமுனையில் தொங்குவார்கள். கல் அரைச் சாண் எழும்பும். அந்த இடைவெளியில் ஒருவன் குப்புறப் படுத்து வடக்கயிற்றை உள்ளே நுழைத்து அந்தப் பக்கம் இழுத்துவிட வேண்டும். கடப்பாரை வழுக்கினால் அவன் விரல் போகும். பத்து விரலும் முழுசாக இருப்பவனை அந்தக் குழியில் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

யுத்தம் மும்முரமாக நடந்த காலம். மிலிட்டரி லாரிகள் போவதற்காக எங்கெங்கோ ரோடு போட்டார்கள். ரோடு என்றால் மதகு வேண்டும். மதகு என்றால் மேலே பாவுவதற்கு நீளக் கல் வேண்டும். குழியைக் குத்தகைக்கு எடுத்திருந்த காண்ட்ராக்டர் வேங்கடேசனுக்கு யுத்தம் மகாலட்சுமியாக வந்து வாய்த்தது. குழியில் வேலை செய்தவர்களுக்கு அது கேப்பைப் பஞ்சமாக வந்து வாய்த்தது. அரிசியை அவர்கள் ஏற்கெனவே மறந்திருந்தார்கள்.

வெட்டிய கல்லைக் குழியிலிருந்து மேட்டுக்கு ஏற்றி, மறுபக்கச் சரிவில் இறக்கி, வண்டித்தடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். ஒரு கல்லுக்கு ஒரு கழி, ஒரு கழிக்கு இரண்டு ஆள். ஆறு முழ நீளத்தில் கருவேலங் கழி. கல்லைக் கட்டிய கயிறு வழுக்கி ஓடாமல் இருக்கக் கழியில் ஒரு வெட்டுப் போட்டிருக்கும். அந்த வெட்டு நடுவில் இருக்காது. முன் நுனியிலிருந்து நாலு முழம், பின் நுனியிலிருந்து இரண்டு முழம். எல்லாக் கழியும் அப்படித்தான். ஒரு கழி முறிந்தால் அதைப் பக்கத்தில் போட்டு அளந்து, புதுக் கழியிலும் அதே இடத்தில் வெட்டுவார்கள். முதல் கழியில் வெட்டியவன் யார், ஏன் அப்படி வெட்டினான் என்று யாரும் கேட்டதில்லை.

முன்கழிக்கு ஊர்க்காரன், பின்கழிக்குச் சேரிக்காரன். இது அந்தக் குழியின் சட்டம். "முன்னாடி போறவன் வழி பாத்து நடக்கணும். பின்னாடி வர்றவனுக்கு இன்னா, மாடு மாதிரி வந்துக்கினே இருக்க வேண்டியதுதான்" என்பான் மேஸ்திரி துரைக்கண்ணு. கோயில் வாசலில் யார் எவ்வளவு தூரத்தில் நிற்க வேண்டும் என்று வைத்திருக்கிறார்களே, அதே மாதிரி கழியிலும் வைத்திருந்தார்கள். ஆனால் கூலி இருவருக்கும் ஒன்று. அதில் வேங்கடேசனுக்கு ஏகப் பெருமை. "என் குழியில ஜாதி வித்தியாசமே கிடையாது. கல்லுக்கு இவ்வளவுன்னா ரெண்டு பேருக்கும் சரிபாதி" என்று திண்டிவனத்துப் பெரிய மனிதர்களிடம் சொல்லிக்கொள்வார். அவர்களும் மெச்சிக்கொள்வார்கள்.

முன்கழி பிடித்த ஊர்க்காரன் ஒருநாளும் பின்னால் போனதில்லை. பின்கழி பிடித்தவனை முன்னால் வர விட்டதில்லை. இரண்டு தோளும் ஒரே கழியைத்தான் தாங்கின. ஆனாலும் ஒரு தோள் படுகிற பாடு மறுதோளுக்குத் தெரியாமலே காலம் ஓடிப்போயிற்று.

முன்பெல்லாம் சரிவில் மூன்றாவது ஆள் ஒருவன் கூட வருவான். கையில் கவைக்கோல் வைத்திருப்பான். பின்கழிக்காரன் தள்ளாடினால் கழிக்கு அடியில் கவையை ஊன்றி, அவன் மூச்சு வாங்கும்வரை தாங்கிக்கொள்வான். சேரியைச் சேர்ந்த மாசிலாமணி அந்த வேலையைத்தான் செய்துவந்தான். கார்த்திகை முடிந்ததும் வேங்கடேசன் கவைக்காரர்களை நிறுத்தினார். "சும்மா கோலைப் பிடிச்சிக்கினு கூட நடக்கறதுக்கு ஒரு ஆளா? யுத்த காலம்டா. ஆளுக்கு ஒரு கழி எடுங்க" என்றார். கல்லின் கனத்தைக் கூட்டினார், கல்லுக்கான கூலியைக் குறைத்தார். யார் என்ன சொல்ல முடியும்? வேண்டாம் என்றால் கோலியனூர்ப் பக்கத்திலிருந்து ஆள் வரும் என்று மேஸ்திரி காதில் போட்டுவைத்திருந்தான்.

அன்று காலை முதல் கல்லைத் தூக்கியது விருத்தாசலமும் அந்தோணிசாமியும். விருத்தாசலம் ஊர்க்காரன், கால் காணி மானாவாரி நிலம் உண்டு, அதில் மல்லாட்டைக் கடலை போட்டு மழையை நம்பி ஏமாந்து குழிக்கு வந்தவன். அந்தோணிசாமி குழியை ஒட்டிய சேரிக் குடிசையில் இருந்தவன். நெஞ்சுக்கூடு துருத்திய ஒல்லி ஆள். மேட்டில் ஏறும்போதே அவனுக்கு மூச்சு இரைத்தது.

"ஆண்டே, கொஞ்சம் எறக்கி வச்சிட்டுப் போலாமா?"

"சரிவு எறங்கினா வண்டி. அங்க போயி எறக்கலாம் வாடா. நானுந்தான் தூக்கிக்கினு வர்றேன், எனக்கு மட்டும் தோளு இரும்பா?"

அந்தோணிசாமி கழியைத் தோளில் நகர்த்திக்கொண்டான். ஊர்க்காரனை 'ஆண்டே' என்றுதான் கூப்பிட வேண்டும். அவன் வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டும். சரிவில் பனி படிந்த புல். பத்தடி இறங்கியிருப்பார்கள். விருத்தாசலத்தின் தோளில் கழி திடீரென்று துள்ளியது. கழுத்தில் அடித்து அவனை முகம் குப்புறத் தள்ளியது. எழுந்து திரும்பிப் பார்த்தபோது, முழங்கால் மடங்கி விழுந்த அந்தோணிசாமியின் இடுப்பின்மேல் கல் கிடந்தது.

கடப்பாரை போட்டுக் கல்லைப் புரட்டினார்கள். அவன் அலறவில்லை. "தண்ணி" என்றான். பிறகு, "கவை இருந்திருந்தா..." என்றான். அதற்குமேல் வாய் வரவில்லை.

வேங்கடேசன் ஜட்கா வண்டியில் வந்து இறங்கினார். ஜட்கா குலுங்கும், அடிபட்டவனுக்கு ஆகாது என்று அவரே சொல்லிவிட்டார். திண்டிவனம் ரயில் ஸ்டேஷனுக்குக் கல் ஏற்றிய மாட்டு வண்டி தயாராக நின்றது. "கல்லுமேல படுக்க வச்சிக் கூட்டிக்கினு போங்க. அங்க வேகன் காத்துக்கினு இருக்குது. மொதல்ல கல்லை எறக்கிட்டு அப்பறம் ஆஸ்பத்திரிக்குப் போங்க. நேரம் போனா எனக்குத்தான் பேஜாரு" என்றார்.

சேதி கேட்டு அந்தோணிசாமியின் மனைவி சவுரியம்மாள் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடிவந்தாள். திண்டிவனம்வரை வண்டியின் பின்னாலேயே நடந்தாள். ஸ்டேஷனில், கூட வந்த மாசிலாமணியும் வண்டிக்காரனும் கல்லை ஒவ்வொன்றாக இறக்கினார்கள். அடிபட்டவனைத் தூக்கி நகர்த்தி வைத்து, அவனுக்கு அடியில் இருந்த கல்லை உருவினார்கள். கல் எல்லாம் இறங்கிய பிறகு ஆஸ்பத்திரிக்குப் போகத் தேவை இருக்கவில்லை. சவுரியம்மாள் அவன் கண்ணை மூடிவிட்டு, "மாதாவே" என்று ஒரு தடவை சொன்னாள். வண்டி வெறுமையாகத் திரும்பும் என்று நினைத்திருந்த மாடுகள், மறுபடியும் அவனைச் சுமந்துகொண்டு வந்தன.

அடக்கம் முடிந்த மறுநாள் வேங்கடேசன் எல்லோரையும் மேட்டில் கூட்டி வைத்துத் தீர்ப்புச் சொன்னார்.

"போனவனைப் பத்திப் பேசக்கூடாது. இருந்தாலும் நாளைக்கு என்மேல பழி வரக்கூடாது பாரு. கல்லு ஒண்ணு. ஆளு ரெண்டு. ஆளுக்குப் பாதி. விருத்தாசலம், நீ சொல்லு. உன் பாதியை நீ தாங்கினியா இல்லியா?"

"தாங்கினேங்க."

"நீ நின்னே. அவன் விழுந்தான். அப்ப கோளாறு கல்லுலயா, கூலியிலயா, கவைக்கோல் இல்லாததுலயா? ஆளுகிட்ட. குடிச்சிருந்தானோ, ராத்திரி தூங்கலியோ. நீதான்டா சாட்சி. யார் வந்து கேட்டாலும் இதையே சொல்லு."

விருத்தாசலம் தலையை ஆட்டினான். பொய் சொல்லுகிறோம் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. தன் தோள் தாங்கியது, அவன் தோள் தாங்கவில்லை. இதில் பொய் எங்கே? பாவம், சத்தில்லாத ஆள் என்றுதான் நினைத்தான்.

வேங்கடேசன் சவுரியம்மாளைப் பார்த்தார். "குடிசை கட்டியிருக்கறது குத்தகை நெலத்துல. கழி புடிக்கறவனுக்குத்தான் குடிசை. உன் வீட்டுல ஆள் இல்ல. நாளைக்குள்ள காலி பண்ணிடு. இன்னொரு குடும்பம் வருது."

"எங்கங்க போவேன், கைப்புள்ளய வச்சிக்கினு?"

"அது எனக்கு எப்பிடித் தெரியும்?"

அவள் முந்தானையை இழுத்துச் செருகினாள். "நான் கழி புடிக்கறேங்க."

கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். வேங்கடேசன் சிரிக்கவில்லை. அவருக்கு அது நல்ல யோசனையாகப் பட்டது. "தூக்கிக் காட்டு. தூக்கிட்டா குடிசை உனக்கு. தூக்க முடியலேன்னா அப்பறம் ஊரே சாட்சி, நான் எடம் குடுத்துத்தான் பாத்தேன்னு" என்று சொல்லிவிட்டு ஜட்காவில் ஏறிப்போனார்.

மறுநாள் விடியலில் மேஸ்திரி அவளை வேண்டுமென்றே விருத்தாசலத்துக்குப் பின்கழியாக நிறுத்தினான். புருஷன் நின்ற இடம். குழந்தையைக் குழி ஓரத்தில் வேறொருத்தியின் மடியில் விட்டுவிட்டு வந்தாள். புருஷனின் தலைத்துண்டையே சுருட்டித் தோளில் வைத்தாள். "ம்" என்று விருத்தாசலம் எழுந்தான். அவன் பக்கம் கழி எழுந்தது. பின்னால் எழவில்லை. அவள் பல்லைக் கடித்து முக்கினாள். கல் தரையை விட்டு ஒரு விரற்கடை எழும்பியதும் இரண்டு முழங்காலும் தரையில் மோதின. எழுந்தாள். மறுபடி முக்கினாள். மறுபடி விழுந்தாள். முழங்காலில் சேலை கிழிந்து ரத்தம் கசிந்தது.

"ஜல்தி, ஜல்தி! வண்டி நிக்கிது" என்றான் மேஸ்திரி. அவனுக்கு வேடிக்கையாக இருந்தது.

மூன்றாவது தடவை அவள் விழுந்தபோது விருத்தாசலத்துக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று அவனுக்கே தெரியவில்லை. "எழுந்து இந்தப் பக்கம் வாம்மா. நான் பின்னாடி போறேன். ஆம்பளை நிக்க வேண்டிய எடத்துல இவளை நிக்க வச்சிக்கினு" என்றான்.

"டேய், முன்கழிய வுட்டுட்டு எங்கடா போற? அவ முன்னாடி நடந்து நீ பின்னாடி போவியா? ஊருக்குள்ள தலை காட்டுவியா?" மேஸ்திரி கத்தினான்.

"ஒரு கல்லுதானே. கொண்டுபோயிப் போட்டுட்டு வர்றேன், சும்மா இரு."

அவன் பின்கழியில் தோளைக் கொடுத்தான். வழக்கம்போலத்தான் எழுந்தான். பாதி எழுந்ததும் தோள்பட்டையில் யாரோ ஏறி உட்கார்ந்துகொண்ட மாதிரி இருந்தது. முன்னால் சவுரியம்மாள் எழுந்து நின்றுவிட்டாள். தள்ளாடினாலும் நின்றாள். நடந்தாள்! மேட்டு விளிம்புவரை விருத்தாசலம் எப்படிப் போனான் என்று அவனுக்குத் தெரியாது. கண்ணில் பூச்சி பறந்தது. "எறக்கு, எறக்கு" என்று கத்திக் கல்லைப் போட்டான். தோளைத் தடவிக்கொண்டு கல்லைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

"இது வேற கல்லா?"

"அதே கல்லுதாங்க ஆண்டே" என்றாள் சவுரியம்மாள்.

அவன் கழியையும் வெட்டையும் பார்த்தான். கொஞ்சம் இறக்கி வைக்கலாமா என்று கேட்ட குரல் காதில் ஒலித்தது. அப்படியே கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டான். "பாவி. இத்தயாடா தெனமும் தூக்கிக்கினு வந்தே?" என்று செத்தவனைக் கேட்டான். அவன் அழுததை ஊர்க்காரர்களும் பார்த்தார்கள், சேரிக்காரர்களும் பார்த்தார்கள்.

பின்கழியில்தான் கனம் அதிகம் என்று விருத்தாசலம் சொன்னதை ஊர்க்காரர்கள் நம்பவில்லை. விருத்தாசலத்தின் பங்காளி அரங்கநாதன் வாயாடி. "இன்னாடா, உம் பொண்டாட்டி நேத்து கூழு ஊத்தலியா? முன்னாடி இருந்தா இன்னா, பின்னாடி இருந்தா இன்னா, கல்லு ஒண்ணுதானே? பொம்பளை முன்னாடி நடந்தா, நீ பின்னாடி மயங்கிட்டே" என்று கேலி செய்தான்.

"நீ வந்து புடிச்சிப் பாரு."

"நான் எதுக்குப் பின்கழி புடிக்கணும்? எனக்கு இன்னா கேடு?"

"அப்ப வாய மூடு."

பேச்சு முற்றிச் சட்டையைப் பிடிக்கிற அளவுக்குப் போயிற்று. சட்டை இல்லாததால் பிழைத்தார்கள். எந்தப் பக்கம் எவ்வளவு கனம் என்று நிறுத்தே பார்த்துவிடுவது எனப் பந்தயமாக முடிந்தது. அன்று ஸ்டேஷனுக்குக் கல் கொண்டுபோன வண்டியில் ஒரு கழியையும் போட்டுக்கொண்டு ஊர்க்காரர் சிலரும் சேரிக்காரர் சிலரும் ஏறினார்கள். திண்டிவனத்தில் மல்லாட்டை மண்டி ஒன்றில் மூட்டை நிறுக்கும் பெரிய தராசு தொங்கும். அங்கே நிறுவைக்காரனாக இருந்த பெரியசாமி அரங்கநாதனுக்குத் தெரிந்தவன். மத்தியானச் சாப்பாட்டு நேரம், மண்டி காலியாகக் கிடந்தது. சேதியைக் கேட்டதும் பெரியசாமி வெற்றிலையைத் துப்பிவிட்டு எழுந்தான். "பந்தயம்னா எனக்கும் பங்கு குடுங்கடா" என்றான்.

முதலில் வண்டியிலிருந்து ஒரு கல்லை இறக்கித் தராசில் நிறுத்தார்கள். மணங்குக்கு இருபத்தைந்து ராத்தல் கணக்கில் ஒன்பது மணங்கு. பிறகு அதைக் கழியில் வெட்டில் கட்டினார்கள். தராசின் ஒரு தட்டைக் கழற்றிவிட்டு, அந்தக் கொக்கியில் கழியின் முன் நுனியைக் கட்டினார்கள். பின் நுனியை மாசிலாமணி தோளில் வாங்கி மட்டமாக நிறுத்தினான். பெரியசாமி எதிர்த்தட்டில் படிக்கல்லை வைத்தான். மூன்று மணங்கு, கழியின் கனத்துக்காக இன்னும் கொஞ்சம். முள் நேரே நின்றது.

"பாத்தியா? மூணுதான். நாம புடிக்கறது மூணு" என்றான் அரங்கநாதன். ஜெயித்துவிட்ட மாதிரிதான் சொன்னான். சொன்ன பிறகுதான் ஒன்பதில் மூன்று போனால் மீதி எங்கே என்று அவன் முகத்தில் கேள்வி வந்தது.

கழியைத் திருப்பினார்கள். பின் நுனி கொக்கியில், முன் நுனி அரங்கநாதனின் தோளில். பெரியசாமி மூன்று மணங்கை வைத்தான். தராசு அசையவே இல்லை. நாலு வைத்தான், ஐந்து வைத்தான். ஆறு வைத்து, மேலே கொஞ்சம் சேர்த்த பிறகுதான் முள் நிமிர்ந்தது.

"முன்னாடி ஒரு பங்கு, பின்னாடி ரெண்டு பங்கு. நாலு முழத்துக்கு மூணு மணங்கு, ரெண்டு முழத்துக்கு ஆறு. கல்லுகிட்டக்க நிக்கிறவன் தலையிலதான் விடியுது" என்றான் பெரியசாமி.

கயிற்றை வெட்டிலிருந்து எடுத்து நடுவில் நகர்த்திக் கட்டிப் பார்த்தார்கள். இரண்டு பக்கமும் நாலரை நாலரையாக வந்தது. அப்போது மாசிலாமணிக்கு என்ன தோன்றியதோ, "ஆண்டே, என்னையும் ஒரு தடவை நிறுத்துப் பாருங்களேன்" என்றான். தட்டை மாட்டி அவனை உட்கார வைத்தார்கள். கூச்சத்தோடு காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்தான். நாலு மணங்குகூடத் தேறவில்லை. பக்கத்தில் அடுக்கியிருந்த மல்லாட்டைப் பருப்பு மூட்டை ஒவ்வொன்றும் ஏழு மணங்கு.

"நாலு மணங்கு ஆளுடா. ஆறு மணங்கைத் தூக்கறான்" என்றான் அரங்கநாதன். அதற்குப் பிறகு ஊர் வந்து சேரும்வரை அந்த வாயாடி வாயைத் திறக்கவில்லை.

அடுத்த நாள் குழியில் கடப்பாரைச் சத்தம் கேட்கவில்லை. கழிகள் தரையில் கிடந்தன. ஊரும் சேரியும் மேட்டில் நின்றன. இன்னும் தள்ளித்தள்ளித்தான் நின்றன, ஆனால் ஒரே பக்கம் பார்த்து நின்றன. வேங்கடேசன் ஜட்காவிலிருந்து இறங்காமலே கேட்டார்.

"இன்னாடா இது, திருவிழாவா?"

விருத்தாசலம் முன்னால் வந்தான். "நான் சொன்ன சாட்சி தப்புங்க. அந்தோணிசாமி பாதி தூக்கல. என்னை மாதிரி ரெண்டு மடங்கு தூக்கினான். தராசுல கட்டிப் பாத்துட்டு வந்துட்டோம். இனிமே வெட்டு நடுவுல இருக்கணும். சரிவுல கவைக்காரன் வேணும். அந்தப் பொண்ணு குடிசையில இருக்கணும். அவ புருசன் தூக்கின கல்லுக்கே அந்தக் குடிசை பத்தாது."

வேங்கடேசன் வண்டிச் சட்டத்தில் கையை ஊன்றிக்கொண்டார். பிறகு சிரித்தார். கெட்டிக்காரர்; கோபப்பட வேண்டிய இடத்தில் கோபப்பட மாட்டார்.

"சரிடா. நடுவுலயே வெட்டுங்க. எனக்கு இன்னா நஷ்டம்? கல்லு ஒன்பது மணங்கு, அது கொறையப் போறதில்ல. இப்ப மூணு மணங்கு தூக்கறவன் நாளையிலேர்ந்து நாலரை தூக்கணும். கூலி அதேதான். ஊர்க்காரங்க எல்லாரும் சம்மதமா? அரங்கநாதா, நீ சொல்லு. யாருக்காக உன் தோளை ஒடிச்சிக்கப் போற?"

ஊர்க்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தக் கணக்கை அதுவரை யாரும் அந்தப் பக்கத்திலிருந்து போட்டுப் பார்த்திருக்கவில்லை. இரண்டு பேர் மெல்லப் பின்னால் நழுவினார்கள். சேரிக்காரர்கள் தரையைப் பார்த்தார்கள். எத்தனையோ முறை பார்த்துப் பழகிய முடிவு அவர்களுக்கு.

அரங்கநாதன் ஒரு அடி முன்னால் வந்தான். "ஏறுந்தாங்க. நாலரை ஏறும். கஷ்டந்தான்" என்றான். "ஆனா நான் அந்தத் தராசைப் பாத்துட்டேன். இனிமே மூணைத் தூக்கிக்கினு முன்னாடி நடந்தா, பின்னாடி திரும்பிப் பாக்க முடியாதுங்க. வெட்டு நடுவுலயே இருக்கட்டும். கல்லை எட்டு மணங்கா வெட்டுங்க, அத நாங்க கேக்கறோம். கவைக்காரனைக் குடுங்க. இல்லேன்னா கல்லு குழியிலயே கெடக்கட்டும்."

"ரொம்பப் பேசறே."

"ஆமாங்க. பேசாம இருந்து ஒருத்தன் போயிட்டான்."

வேங்கடேசனின் சிரிப்பு போய்விட்டது. "வேகன் நிக்க நிக்க மிலிட்டரிக்காரன் என்னைக் கேப்பான். யுத்தத்துக்கு விரோதமா வேலை நிறுத்தினானுங்கன்னு ஒரு வார்த்தை சொன்னா அத்தனை பேரும் கம்பி எண்ணுவீங்க. துரைக்கண்ணு! மொதல்ல அந்தக் குடிசையப் பிரிச்சி எறி. அங்கேர்ந்து ஆரம்பி. சாயங்காலத்துக்குள்ள போலீசைக் கூட்டிக்கினு வர்றேன்."

ஜட்கா திண்டிவனம் பக்கம் பறந்தது. மேஸ்திரி, கழி பிடிக்கவென்று கோலியனூர்ப் பக்கத்திலிருந்து அழைத்து வைத்திருந்த ஆட்களோடு கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு சேரிக்குள் நுழைந்தான். சவுரியம்மாள் அவர்களுக்கு முன்பே ஓடிப்போய்க் குடிசைக்குள் உட்கார்ந்துகொண்டாள். குழந்தை உள்ளே ஏணையில் தூங்கியது. ஏணைச் சேலை முகட்டு வளையில் கட்டியிருந்தது. வளை என்றால் முற்றிய பனைமரம். இரண்டு ஓரத்துக் காலும் ஒரு நடுக்காலும் அதைத் தாங்கின.

"வெளிய வா. கூரை வுழுந்தா எங்களைச் சொல்லாத" என்று மேஸ்திரி கத்தினான்.

"வரமாட்டேன். எம் புருசன் மேல கல்லைப் போட்டீங்க. என்மேல கூரையப் போடுங்க. புள்ளையும் இங்கதான் இருக்குது. எல்லாத்தையும் ஒரே குழியில பொதைச்சிட்டு நிம்மதியா இருங்க."

வெளியூர் ஆட்கள் தயங்கினார்கள். மேஸ்திரி ஒருவனிடமிருந்து கடப்பாரையைப் பிடுங்கி, தானே குனிந்து உள்ளே போய், நடுக்காலின் அடியில் ஓங்கிக் குத்தினான். மனிதன் கூலி கொடுப்பவனுக்காக எவ்வளவு தூரம் கீழே போவான் என்பதற்கு அளவு கிடையாது. இரண்டாவது குத்தில் கால் பெயர்ந்து சாய்ந்தது. மேஸ்திரி வெளியே பாய்ந்தான். பனை வளை முனகிக்கொண்டு நெஞ்சு உயரத்துக்கு இறங்கியது. கூரையிலிருந்து புழுதி கொட்டியது. ஏணை தரையைத் தொட்டது.

மேட்டிலிருந்து ஓடிவந்த விருத்தாசலம் வாசலில் நிற்கவில்லை. சேரிக் குடிசைக்குள் அவன் அதுவரை தலையை நீட்டியதுகூட இல்லை. குனிந்து உள்ளே போய் வளையின் அடியில் தோளைக் கொடுத்தான். அவன் பின்னாலேயே மாசிலாமணி நுழைந்து ஏணைக்கு அந்தப் பக்கம் தோளைக் கொடுத்தான். கழுத்து நரம்பு புடைக்க இருவரும் நிமிர்ந்தார்கள். வளை ஒரு சாண் மேலே போயிற்று. சவுரியம்மாள் குழந்தையை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். ஆனால் வெளியே போகவில்லை.

"ஓரத்துக் காலையும் இடி!" என்று மேஸ்திரி வெளியே அலறினான்.

வெளியூர் ஆள் ஒருவன் கூரைக்கு அடியில் எட்டிப் பார்த்தான். இரண்டு தோளையும், அவர்களுக்கு நடுவே அந்தப் பெண்ணையும் பார்த்தான். "உள்ள ஆளுங்க இருக்காங்க மேஸ்திரி. இது நீ சொல்லிக் கூட்டியாந்த வேலை இல்ல" என்றான். கடப்பாரையைத் தரையில் போட்டுவிட்டுத் தள்ளிப்போய் நின்றான். மற்றவர்களும் நகர்ந்தார்கள். மேஸ்திரி தனியாக நின்று கெட்ட வார்த்தைகளைச் சொல்லித் தீர்த்தான். "போலீசு வரட்டும்டா, அப்பத் தெரியும்" என்றான்.

போலீஸ் வரும் என்பது எல்லோருக்கும் தெரியும். லாரி வரும், தடி வரும்; ஆனால் யாரெல்லாம் எத்தனை மாதம் உள்ளே போவார்கள் என்பது தெரியாது. நாளைக்குக் கஞ்சிக்கு வழி என்ன என்பதும் தெரியாது. உள்ளே இருட்டாக இருந்தது. வளையின் கனத்தில் இருவர் காலும் மண்ணில் புதைந்தன.

"அண்ணே" என்றான் மாசிலாமணி. அவன் வாயில் 'ஆண்டே' வரவில்லை. வரவில்லை என்பதை அவனும் கவனிக்கவில்லை. "கனம் ஒங்க பக்கம் அதிகமா வருதா?"

"வருது. ஒம் பக்கம்?"

"இங்கயும் அவ்ளோதான் வருது."

"அப்ப சரி. வுடாத."

வாசலில் வெளிச்சம் மறைந்தது. அரங்கநாதன் குனிந்து உள்ளே வந்துகொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால் இன்னும் சிலர் உள்ளே நுழைய இடம் கேட்டார்கள்.